பிளாவும் கண்ணாடிக் கிண்ணமும்

மதுச்சாலைகள் யாவும் மூடப்படல் வேண்டும் என்று தீர்மானமொன்று எழுதித் தரும்படி எமது கிளைச் சங்கத்தார் சென்ற மாதம் எம்மைக் கேட்டனர். சட்டம் படித்தோருக்குத் தீர்மானம் எழுதுதல் அரைமணி நேர வேலை. “இப்பொதுக்கூட்டம்” என்று தொடங்கி “வன்மையாகக் கண்டிக்கின்றது” என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். அவ்வாறே எழுதியும் விட்டோம். அதனை வாசித்த கமக்கார நண்பர் ஒருவர், “அப்புக்காத்தர், நீர் கடைசியாக ஒரு தவறணைக்குள் காலடி வைத்தது எப்போது?” என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. நீதிமன்றிலே எதிர்த்தரப்புச் சாட்சி இவ்வாறு மௌனஞ் சாதித்தால் அதனை எவ்வாறு பயன்படுத்துவோம் என்பதை நாமே நன்கறிவோம்.

ஆகவே நண்பரைத் துணைக்கொண்டு மூன்று மாலைப் பொழுதுகளை இதற்கென ஒதுக்கினோம். நாம் குடிப்பழக்கம் உடையோம் அல்லோம். ஆயினும், சுவை பாராது தீர்ப்புக் கூறுதல் முறையன்று என்று நண்பர் வற்புறுத்தியமையால் சிறிது பருகினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலிற் சென்றது வடமராட்சியிலே பனங்கூடல் ஒன்றின் அருகிலிருந்த கூட்டுறவுச் சங்கத் தவறணைக்கு. தகரக் கூரை, சீமெந்துத் தரை, சுவரோரம் நீண்ட வாங்குகள். சைக்கிளிற் கலன்களைக் கட்டிக்கொண்டு சீவற்றொழிலாளர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். சங்க ஊழியர் கள்ளை அளந்து, ஒவ்வொருவரின் பெயருக்கெதிரே அளவைக் கொப்பியிற் பதிந்துகொண்டார். அந்தக் கொப்பியைப் பார்த்தபோதே எமது தீர்மானத்தின் முதலாவது வாக்கியம் எமக்குச் சங்கடந் தந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டின் அடுப்பு. காலையிலும் மாலையிலுமாக நாளுக்கு இருமுறை பல பனைகளில் ஏறி இறங்கி, பாளை சீவி, முட்டி மாற்றி வந்த உழைப்பு அங்கே லீற்றர்க் கணக்காக எழுதப்பட்டிருந்தது.

கள்ளைப் பற்றியும் சொல்லவேண்டும். காலையில் இறக்கிய பனங்கள் இளம் இனிப்பும் மெல்லிய புளிப்பும் கலந்தது. மாலையாகுங்கால் புளிப்பேறிக் கடுக்கும். நாம் பருகியது இரண்டுக்கும் இடைப்பட்டது. நண்பர், “குறை சொல்ல இடமில்லை” என்றார். குறை பாத்திரத்திலேதான் இருந்தது. பிளா இல்லை. நிறம் மங்கிய பிளாஸ்ரிக் கோப்பையொன்றை வாளித் தண்ணீரில் ஒருமுறை தோய்த்தெடுத்து எம்மிடம் நீட்டினர். அந்த வாளித் தண்ணீர் எத்தனை கோப்பைகளைக் கண்டதோ!

பிளாவை இளந்தலைமுறையினர் அறியாதிருக்கலாம். பனையோலையை மடித்துக் கட்டிய குடிகலம் அது. ஒருவர் பருகியதும் எறியப்படும். மற்றொருவர் வாய்க்குப் போகாது. இதிலே சுகாதாரம் மட்டுமன்று, எமது சமூகத்தின் வெட்கமும் அடங்கியிருக்கின்றது. தேநீர்க்கடையிலே இன்னாருக்கு இன்ன குவளை என்று பிரித்து வைத்த நாடு இது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் பல கடைகளின் வாயிலிலே போராட்டம் நடத்தியே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. சீவற்றொழிலாளியின் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க மறுத்த பெரியோர், அவர் கைபட்ட முட்டியிலிருந்து வார்த்த கள்ளை மட்டும் வேலிக்கருகே நின்று மனநிறைவோடு பருகினர். தண்ணீருக்குத் தீட்டு உண்டாம், கள்ளுக்குத் தீட்டில்லையாம்! இந்தத் தருக்கத்தை எந்த நீதிமன்றிலும் எம்மால் வாதாட இயலாது. அந்தப் பெரியோரின் பேரர்களே இன்று மேடையேறித் தவறணையை மூடு என்கின்றனர் என்று நண்பர் கூறியபோது, அவர் எம்மைத்தான் நோக்குகின்றார் என்பது விளங்கிற்று.

இரண்டாம் மாலை தென்மராட்சியில் ஒரு தென்னங்கள்ளுத் தவறணை. இடம் அழகானது, மாமர நிழல், வாயிலிலே வயது முதிர்ந்த பெண்ணொருவர் அவித்த மரவள்ளியும் செத்தல்மிளகாய்ச் சம்பலும் விற்றுக்கொண்டிருந்தார். அந்த மரவள்ளிக்காக மீண்டும் ஒருமுறை போகலாம். கள்ளுக்காகப் போகமாட்டோம். அதிலே தண்ணீரும் சீனியும் கலந்திருந்தன என்பது எமது நண்பரின் துணிபு. மறுநாட் காலை எமது தலையும் அதற்குச் சாட்சி கூறிற்று. வழக்கமாக வருவோரும் அதனை அறிவர். “எங்கே போய்ச் சொல்வது, ஐயா?” என்றார் ஒருவர்.

இங்கே வேறொன்றையும் கண்டோம். சிறுமியொருத்தி ஒழுங்கை முகப்பிலே நெடுநேரம் நின்றாள். தந்தையார் கூலியை முழுவதும் செலவழிக்குமுன் கையோடு அழைத்து வரும்படி தாயார் அனுப்பியிருக்கின்றார். கள் எமது மண்ணின் பானம், பனை எமது கற்பகதரு என்றெல்லாம் பாடுவோர் அந்த ஒழுங்கை முகப்பிலே சற்று நிற்றல் நலம். கள்ளும் வெறிதரும் பானமே. அதனை நாம் மறுக்கவில்லை.

மூன்றாம் மாலை நகரத்தின் பெருவீதியிலே புதிதாகத் திறக்கப்பட்ட மதுச்சாலைக்குச் சென்றோம். வாயிற் கதவு கண்ணாடி. உள்ளே குளிரூட்டி, நீலமும் சிவப்புமாக விளக்குகள், செவியைத் துளைக்கும் இசை. கொக்ரெயில் என்ற பெயரிலே பலவகைக் கலவைப் பானங்கள் பட்டியலில் இருந்தன. நண்பர் ஒன்றை வரவழைத்தார். நீண்ட காம்புள்ள கிண்ணம், விளிம்பிலே எலுமிச்சைத் துண்டு, நடுவிலே சிறு கடதாசிக் குடை. “இது மழைக்கா, வெயிலுக்கா?” என்று வினவினார் நண்பர், பரிமாறிய இளைஞர் சிரித்தார். நேர்மையாகச் சொல்வதாயின் இடம் துப்புரவாயிருந்தது, பரிமாறியவர் பண்புடையவர், பானமும் சுவையற்றதன்று. ஆனால் ஒரு கிண்ணத்தின் விலை, தோட்டத்திலே வெங்காயம் பிடுங்கும் ஒருவரின் நாட்கூலியை நெருங்கிற்று. அந்தப் பணத்தில் எமது ஊர்ப் பனையேறிக்கு ஒரு சதமும் இல்லை. எமது எலுமிச்சைத் தோட்டக்காரருக்கேனும் ஏதும் கிடைத்ததோ என்பதும் ஐயமே.

அயல்மேசையில் அமர்ந்திருந்தோரிற் சிலர் மீசை அரும்பாதவர். 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்றலாகாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. நாம் அமர்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரிடமும் வயது கேட்கப்படவில்லை.

சட்டத்தின் பாரபட்சம் இங்கேதான் எம்மை உறுத்துகின்றது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், அந்நியர் ஆட்சியின் வருமானத்தை முன்னிறுத்தி எழுதப்பட்டது. அதன் நிழல் இன்றும் பனையின் அடியிலே விழுகின்றது. அனுமதியின்றி ஒரு முட்டி கட்டினாலும் சீவற்றொழிலாளி நீதிமன்றப் படியேறுகின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டுகின்றார். பௌர்ணமி தினத்தில் மதுவிற்பனைக்கு நாடெங்கும் தடை. போத்தலில் அடைத்த சாராயம் மறுநாள் வரை பொறுத்திருக்கும். பாளையோ பௌர்ணமியை அறியாது. அன்றும் ஏறிச் சீவாவிட்டால் பாளை பழுதாகும், சீவினால் கள் புளித்து மண்ணுக்குப் போகும். உயிரைப் பணயம் வைத்து ஏறியவரின் அன்றைய கூலி ஊற்றப்படுகின்றது.

மறுபுறத்தே நடப்பது என்ன? 2024 டிசம்பரிலே பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியலின்படி, அவ்வாண்டில் மட்டும் 361 மதுபான அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் 32 வட மாகாணத்துக்குரியவை. அரசியல்வாதிகளின் சிபாரிசிலே சில பெறப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, தமிழ் மக்களின் வாக்கைப் பெற்றவர்களும் அதற்கு விலக்கல்லர் என்பது வெளிவந்தது. எந்தக் கிராமத்திலே சாலை திறக்கப்படுகின்றதோ அந்தக் கிராமத்தவரை எவரும் கேட்கவில்லை. போரினால் கணவரை இழந்த பெண்கள் குடும்பந் தாங்கும் ஊர்களிலும் கேட்கவில்லை.

கேட்கும் வழக்கம் இந்நாட்டிலே இல்லாததுமன்று. 1920களிலும் 1930களிலும் ஊரவர் வாக்களித்துத் தம் பகுதி மதுக்கடையை மூடும் முறை நடைமுறையிலிருந்தது. யாழ்ப்பாணத்தார் அதனை உற்சாகத்தோடு பயன்படுத்தினர். 1924இலே தோன்றிய மாணவர் காங்கிரஸ் மதுவிலக்கைத் தன் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்றது. அதன் அழைப்பில் 1927 நவம்பரிலே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒருங்கே வற்புறுத்தினார். நமது முன்னோர் முன்னதற்குக் கைதட்டினர், பின்னதற்குத் தலையைச் சொறிந்தனர். கடை மூடப்பட்டபோது சீவற்றொழிலாளி என்ன செய்வார் என்று கேட்டவர் மிகச் சிலரே. 1970களின் முற்பகுதியில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய பின்னரே அவருடைய பெயர் ஒரு கொப்பியில் மதிப்புடன் எழுதப்பட்டது.

எனவே எமது தீர்மானத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம். ஊரவரின் வாக்கின்றி எந்தக் கிராமத்திலும் புதிய மதுச்சாலைக்கு அனுமதி வழங்கலாகாது என்பது அதன் தலையாய கோரிக்கை. அந்த வாக்கெடுப்பிலே தவறணையும் விலக்கல்ல, ஏனெனில் ஒழுங்கை முகப்பில் நின்ற சிறுமிக்கும் ஒரு தாயார் உண்டு, அவருக்கும் வாக்கு உண்டு. ஊர் வேண்டுமென்று வைத்திருக்கும் தவறணையிலே கலப்படத்தைச் சோதிக்கவும், கழுவுநீருக்குக் குழாய் அமைக்கவும், பௌர்ணமிக் கள்ளைச் சங்கமே விலைகொடுத்து வாங்கி வினாகிரியாக்கவும் ஏற்பாடு வேண்டுமென்று எழுதினோம். மதுச்சாலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் உறுப்பினர் எவராயினும் கட்சியிலிருந்து விலக்கப்படல் வேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

கிளைச் செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. கள்ளைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசினால் வாக்குப் போய்விடும் என்கின்றார். கடைசி வாசகத்தையேனும் எடுத்துவிடலாகாதா என்று இருமுறை தொலைபேசியிற் கேட்டார். எந்த வாசகத்தையும் எடுப்பதாயில்லை. எதிர்வரும் பொதுக்கூட்டத்திலே நாம் முன்மொழிவோம், நண்பர் வழிமொழிவார். பழைய தீர்மானத்தின் பிரதியொன்று இன்னும் எமது மேசையிலே கிடக்கின்றது. கைதட்டல் வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.