"கரண்டு" என்னும் சொல்லும் கதிர் மருத்துவர் கல்வியும்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவதை நம் புதுக்கோட்டைச் சீமையார் "கரண்டு வைத்தல்" என்பர். சொல் வேடிக்கையானது, விளைவோ அன்று. என் கிராமத்து மாதொருத்தி கருப்பைவாய்ப் புற்றுக்கு வெளியூரிற் சிகிச்சை தொடங்கிப் பத்தே நாளில் மீண்டு வந்துவிட்டார். "உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்களாம், தாங்கவொண்ணாது" என்றார். கதிர் படுங்கால் நோவு தோன்றாது என்பதை அவருக்கு ஒருவரும் விளங்க உரைத்திலர்.

இச்சிகிச்சையை இடையில் விடுதல் ஒருவேளை மருந்தை மறத்தல் போன்றதன்று. வாரம் 5 நாளாக ஏறத்தாழ 5 வாரம் வெளியிருந்து கதிர் செலுத்துவர்; கதிர்ப்பொருளை நோயுற்ற இடத்தருகே வைத்து உள்ளிருந்தும் சிலமுறை செலுத்துவர். யாவும் 8 வாரத்துள் முடிதல் வேண்டும். நாள் நீளின் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும்.

இத்துறை மருத்துவராக விழைவோர் எம்.பி.பி.எஸ். முடித்து, 3 ஆண்டு எம்.டி. பயில்கின்றனர். கதிரின் பௌதிகம், உயிரணுவின்மேல் அதன் செயல், அண்டையுறுப்புக்களைக் காத்து அளவு வகுக்கும் முறை முதலியன கற்று, ஆய்வேடும் எழுதுகின்றனர். கடுங்கல்வியே. ஆயினும், அறந்தாங்கியிலிருந்து வரும் ஒரு மூதாட்டிக்கு இச்சிகிச்சையை ஐந்து நிமிடத்தில் விளக்கும் திறனும் தேர்வில் மதிப்பெண் பெறும் பகுதியாதல் வேண்டும் என்பது என் துணிபு. "கதிரியக்கச் சிகிச்சை" என்று செந்தமிழில் மொழிந்துவிட்டாற் போதாது. தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய யானே இதைச் சொல்ல நேர்ந்தது! "கரண்டு" என்ற சொல்லையே கையாண்டு அதன் அச்சத்தை அகற்றத் தெரிதல் வேண்டும்.

நோயாளர் கூட்டத்திடையே பேச நேரமேது என்பர். முதுநிலை மருத்துவ மாணவர் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளிற் பணிபுரிதல் வேண்டும் என்னும் விதி முன்னமே உளது. கதிர் மருத்துவம் பயில்வார் அக்காலத்திற் பாதியில் நின்றோரின் இல்லங்களுக்குச் சென்று காரணம் கேட்பாராக. 1886இல் இந்நகரிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரினாலன்றோ 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார்? நோயாளியின் வீட்டைக் கண்ட கல்வி அது.

என் கிராமத்து மாது மீண்டும் சிகிச்சைக்குச் சென்றிருக்கிறார். அவரை இசைவித்தவர் மருத்துவர் அல்லர். முன்னொருகால் "கரண்டு வைத்து" நலமடைந்த பக்கத்துத் தெரு அக்காள். அதற்குள் 3 வாரங்கள் கழிந்துவிட்டன.