அடுத்த ஆட்டம் நிச்சயம் ஜெயிக்குமாம்!

கூடைப்பந்துக்கும் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் குடியிருக்கும் நியூ ஜெர்ஸியில் சம்பந்தம் இருக்கிறது சகோதரிகளே! 2018 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதுவரை பெரும்பாலும் நெவாடா மாநிலத்தோடு நின்றிருந்த விளையாட்டுப் பந்தயத்தை மற்ற மாநிலங்களும் அனுமதிக்கலாம் என்று ஆகிவிட்டது. அடுத்த மாதமே எங்கள் மாநிலத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். 21 வயது நிரம்பினால் போதும், படுத்த படுக்கையிலேயே செல்போனில் பணம் கட்டலாம். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனை ஊரே பார்க்கும். இதுவோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

என் ஓரகத்தியின் பிள்ளை இங்கே கல்லூரியில் படிக்கிறான். ஒரு நாள் சாப்பிடும்போது ரொம்ப அக்கறையாகச் சொன்னான்: "பெரியம்மா, நல்ல டீம் ஒரு ஆட்டம் தோத்தா அடுத்த ஆட்டம் ரோஷத்தோட ஆடும். அதுமேல கட்டினா பணம் போகவே போகாது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்ற அணி 2015-16 பருவத்தில் 82 லீக் ஆட்டங்களில் 73 ஜெயித்தது. அந்த 82-ல் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது ஜெயிக்கிறவன் தோற்ற மறுநாளும் ஜெயிப்பான், ஜெயித்த மறுநாளும் ஜெயிப்பான். அது அவன் திறமை. தோல்வியின் மகிமை அல்ல! அதே அணி 2016 ஜூனில் கிளீவ்லேண்டோடு இறுதிச் சுற்று ஆடியது. மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்தும், கடைசி மூன்று ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றுக் கோப்பையைக் கோட்டை விட்டது.

மோசமான அணியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2023-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 28 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. டிசம்பர் 30-ம் தேதிதான் டொரன்டோவை 129-127 என்று ஜெயித்து மூச்சு விட்டது. 'இத்தனை தடவை தோற்றாச்சு, இன்றைக்காவது ஜெயிக்காதா' என்று ஒருவன் 10 டாலரில் ஆரம்பித்து, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாகக் கட்டிக்கொண்டே போனான் என்று வையுங்கள். பத்தாவது தோல்வியில் அவன் கையை விட்டுப் போயிருப்பது 10,230 டாலர். இன்னும் 18 தோல்வி பாக்கி!

சரி, நல்ல அணியாகவே பார்த்துக் கட்டினால்? பந்தயக் கம்பெனிக்காரனும் நம்மைப் போல ஆட்டத்தைப் பார்க்கிறவன்தானே. பலமான அணி சும்மா ஜெயித்தால் போதாது, இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்துவிடுகிறான். ரோஷம், காயம், களைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் அவன் கூலி வேறு. சாதாரணமாக 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் லாபம். நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் போட்டுப் பாருங்கள். 100 பந்தயத்தில் 52 ஜெயித்தால் வரவு 5,200. மீதி 48-ல் போனது 5,280. பாதிக்கு மேல் ஜெயித்தும் 80 டாலர் நஷ்டம்!

இந்தக் கணக்கை அந்தப் பிள்ளையிடம் அன்றே போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து, கல்லூரியில் கட்டச் சொல்லி அப்பா அனுப்பிய 2,300 டாலர் கட்டப்படவில்லை என்று தகவல் வந்தது. முதலில் போனது 200 டாலர்தானாம். விட்டதைப் பிடிக்கப் போய்த்தான் மீதி அத்தனையும் போயிருக்கிறது. தோற்ற அணி அடுத்து ஜெயித்தே தீரும் என்று நம்பியவன், தோற்ற தானும் அடுத்து ஜெயித்தே தீருவோம் என்று நம்பிவிட்டான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இது வெறும் கெட்ட புத்தி என்று திட்டித் தீர்க்கிற விஷயம் அல்ல. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் சூதாட்ட நோயைக் குடி, போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவது அதன் அடையாளங்களில் ஒன்று. பொய் சொல்வதும், கடன் கேட்பதும், ஆட்டத்தைக் குறைக்கச் சொன்னால் எரிந்து விழுவதும் மற்ற அடையாளங்கள்.

என் ஓரகத்தி அழுதாளே தவிர, கூச்சல் போடவில்லை. பீஸை நேரே கல்லூரிக்கே கட்டினாள், பிள்ளை கையில் கொடுக்கவில்லை. பந்தயக் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் தன்னை விலக்கி வைக்கும்படி அவனையே பதிய வைத்தாள். எங்கள் மாநிலத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. அவனை ஆலோசகரிடம் அனுப்பிவிட்டு, சூதாடிகளின் குடும்பத்தாருக்காக நடக்கும் கேம்-அனான் கூட்டத்துக்குத் தானும் போனாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ வீட்டுக்காரரோ 'போனதை எடுத்துட்டு நிறுத்திடறேன்' என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே விழித்துக்கொள்ளுங்கள். போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள்!