ஓட்டை போடுறதுல என்ன இருக்கு?

நீங்கள் அதியமான்கோட்டையில் பஸ் ஏறி, செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிக்குப் போகும் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட் என்று வைத்துக்கொள்வோம். புராஜெக்ட்டில் மோட்டாரை மாட்ட ஒரு பிளேட் வேண்டும். நாலு மூலையிலும் ஹோல். மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக வரைந்து முடித்த ராத்திரி ஃப்ரெண்ட் சொல்கிறான்: ''மச்சி, போல்ட் ஆறு எம்.எம். இல்லடா, எட்டு!'' போச்சு, தூக்கம்.

இதற்குத்தான் ஓப்பன்ஸ்கேட். 2010-ல் வந்த இலவச சாஃப்ட்வேர். கிராக் தேடி அலைய வேண்டாம். நெட் இல்லாமலும் ஓடும். இதில் வரைவதில்லை பாஸ், எழுதுகிறோம். முதல் வரியில் 'போல்ட் = 8'. ஹோலின் விட்டம், ஓரத்திலிருந்து தூரம், பிளேட்டின் அகலம் எல்லாவற்றையும் அந்த வரியோடு கட்டிப்போட்டு விடலாம். எட்டைப் பத்தாக்கினால் மொத்தமும் சேர்ந்து மாறும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு அளவெல்லாம் எடுக்கிறார்களே... அதே ஐடியாதான்!

ஹோல் போட, பிளேட்டிலிருந்து ஓர் உருளையைக் கழிக்க வேண்டும். கட்டளையின் பெயர் 'டிஃபரன்ஸ்'. இதில் ரெண்டு இடத்தில் உஷாரா இருக்கணும்.

ஒன்று: 5 மி.மீ. பிளேட்டுக்கு சரியாக 5 மி.மீ. உருளை போட்டால், ரெண்டு முகமும் ஒட்டிக்கொண்டு ஹோலின் வாயில் தோல் மாதிரி மினுக்கும். உருளையை மேலேயும் கீழேயும் 1 மி.மீ. நீட்டிவிடுங்கள்.

ரெண்டு: ஓப்பன்ஸ்கேட் போடுவது வட்டமே இல்லை, பலகோணம்! நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 8 மி.மீ. ஹோலுக்கு 13 பக்கம்தான். மூலைகள் வட்டத்தைத் தொடும். பக்கங்கள் உள்ளே தள்ளி நிற்கும். நுழைய இடம் 7.77 மி.மீ. 'டாலர் எஃப்.என். = 60' என்று எழுதினால் 7.99. அதுவும் போதாது. உருகி வரும் பிளாஸ்டிக், பிரிண்ட் ஆகும்போது ஹோலை இன்னும் கொஞ்சம் சுருக்கும். எம்8 போல்ட்டுக்கு ஐ.எஸ்.ஓ. சொல்லும் வழக்கமான ஹோலே 9 மி.மீ.!

பிரிண்ட்டுக்குக் காசு கிராம் கணக்கில் போகும். அதனால் முழு பிளேட்டையும் கொடுப்பதற்கு முன், 8.4, 8.7, 9 என்று மூணு ஹோல் போட்ட ஒரு சின்னத் துண்டு மட்டும் எடுத்துப் பாருங்கள். எதில் போல்ட் சிக்காமல் நுழைகிறதோ, அந்த வித்தியாசத்தை 'லூஸ்' என்று ரெண்டாவது வரியாக எழுதிவையுங்கள். ரிவ்யூ அன்னிக்கு எக்ஸ்டர்னல் எதிரில் சுத்தியல் தேட வேண்டியிருக்காது!