மிகை மின் நகரங்கள்: கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அபுதாபி அரசு 2006ஆம் ஆண்டில் மஸ்தார் நகரத் திட்டத்தை அறிவித்தது. கரியமிலவாயுவை வெளியேற்றாத நகரம் என்று அது உலகெங்கும் பேசப்பட்டது. 6 சதுர கிலோமீற்றர் பரப்பு, ஏறத்தாழ 50,000 குடிமக்கள், 2016இல் நிறைவு என்பன அன்றைய இலக்குகள். தான் நுகர்வதைவிடக் கூடுதலான மின்சாரத்தை உற்பத்தி செய்யும் தலைமையகக் கட்டடம் ஒன்றும் அதில் அமையவிருந்தது. உலக நிதி நெருக்கடியை அடுத்து, 2010இல் திட்டம் மீளாய்வு செய்யப்பட்டு நிறைவுக்காலம் ஒத்திவைக்கப்பட்டது. அத்தலைமையகம் அறிவிக்கப்பட்ட வடிவில் எழவேயில்லை.

இலக்குத் தவறியதை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. அது நிறைவேறியிருந்தாலும் எதனை அளந்து வெற்றி என்றிருப்போம் என்பதே எமது வினா.

மிகை மின் நகரம் என்ற பெயர், குடியேறிய பின்னர் ஓடும் மின்மானியை மட்டுமே நோக்குகிறது. சீமெந்து, உருக்கு, அலுமினியம், கண்ணாடி ஆகியவற்றின் உற்பத்தியில் வெளியான கரிமம் அதற்கு முன்பே வளிமண்டலத்தை அடைந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அக்கல்லிலிருந்தே கரியமிலவாயு பிரிகிறது. சூளையைச் சூரிய ஒளியால் எரித்தாலும் அது நிற்காது. ஐரோப்பாவின் ஈஎன் 15978 தரநெறி, மூலப்பொருள் எடுப்பது முதல் கட்டடத்தை இடித்து அகற்றுவது வரை அனைத்தையும் கணக்கில் சேர்க்கிறது. வெளியே வழங்கும் மின்சாரத்தின் நன்மையை அது தனியாகவே காட்டுகிறது.

இவ்வேறுபாடு அமீரகத்தில் மிக முக்கியமானது. மிகை மின்சாரம் எரிவாயு மின்சாரத்தை விலக்கும் என்ற நம்பிக்கையில்தான் கட்டுமானக் கடன் தீரும் எனக் கணக்கிடப்படுகிறது. ஆனால் பராக்கா அணுமின் நிலையத்தின் 4 உலைகளும் 2024க்குள் இயங்கத் தொடங்கி, நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை வழங்குகின்றன. அல் தஃப்ராவின் பெருஞ்சூரிய நிலையமும் 2023இல் திறக்கப்பட்டது. பொது மின்வலை தூய்மையாகுந்தோறும் மிகை மின்சாரத்தின் வரவு சுருங்கும். சீமெந்தின் செலவோ அணுவளவும் குறையாது.

எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதும் இத்தகைய கேள்வியே. நகரைக் கட்டுவோர் நகருக்குள் வாழ்வதில்லை. அபுதாபியின் முசஃபா, டுபாயின் சோனாப்பூர் போன்ற முகாம்களிலிருந்து பேருந்துகளில் அவர்கள் வருகின்றனர். அவர்களுள் எம் தமிழ் உறவுகளும் உள்ளனர். அம்முகாம்களின் குளிரூட்டிகளும், கடல்நீரைச் சுத்திகரித்த குடிநீரும், பேருந்தின் டீசலும் நகர எல்லைக்குள் மட்டும் வரையப்பட்ட கணக்கில் இடம்பெறா. கணக்கில் வராத இடத்தைச் சீர்திருத்த எவரும் முற்படுவதில்லை.

ஆகவே வளைகுடாவில் பணிபுரியும் தமிழ்ப் பொறியியலாளர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: வரைபடம் முடிவாகுமுன்னர் முழு வாழ்நாள் கரிமக் கணக்கைக் கேளுங்கள், தொழிலாளர் முகாமையும் அதனுள் சேருங்கள். 2050இல் நிகர சுழியத்தை அடைவதாக அமீரகம் 2021இல் உறுதியளித்துள்ளது. அவ்வுறுதிமொழி மெய்ப்பட வேண்டுமெனில், கணக்கு கல்லுடைக்கும் மலையிலிருந்தும் கல் சுமக்கும் மனிதனிடமிருந்துமே தொடங்க வேண்டும்.