விரலுக்குத் தக்க வீக்கம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

மாமல்லபுரத்துக் கல் ரதங்கள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அதற்காக எவரும் வருந்துவதில்லை. ஆனால் அதே கடற்கரைக்கு மீன் ஏற்ற வந்த ஜீப் ஒன்று மணலில் நின்றுவிட்டால் ஐஸ் உருகும், மீன் கெடும், அன்று ஒரு வீட்டில் அடுப்பு எரிவதே கடினமாகிவிடும்!

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போய்வரும் பழைய ஜீப்புகளில் ஒன்று என் சித்தப்பாவுடையது. அதன் பெட்ரோல் எஞ்சின் தேய்ந்து, புகை கக்குகிறது. வேறு எஞ்சின் போட வேண்டும் என்றதும், "பெரிய எஞ்சினாகப் போடுங்கள், மணலில் பிய்த்துக்கொண்டு போகும்" என்றே பலரும் கூறினர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே, சித்தியின் வளையல் அடகுக்குப் போகுமுன் என்னையும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குதிரைத்திறனைப் பார்த்து எஞ்சின் வாங்கலாகாது. வண்டியைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வண்டியின் வரலாற்றைப் பார்ப்போம். 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். பின்னர் வந்த சி.ஜே.3பி ஜீப்பில் 'ஹரிக்கேன்' என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அந்த எஞ்சினின் உயரம் கருதியே அதன் பானெட்டையும் உயர்த்தினார்கள். சிலிண்டரின் விட்டம் 79.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 111 மில்லிமீட்டர். பள்ளியில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 2,200 கன சென்டிமீட்டர் வரும். 1980-களில் அதே நிறுவனம் ஜீப்பில் பொருத்திய பெஜோ டீசல் எஞ்சினுக்கு விட்டம் 90, ஓட்டம் 83. கன அளவு 2,112. ஆக, இந்த டீசல் எஞ்சின் அந்தப் பெட்ரோல் எஞ்சினைவிடப் பெரிதன்று என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் மணலில் இழுப்பது எது? பல்சக்கரங்கள்! சி.ஜே.3பி-யின் முதல் கியர் விகிதம் 2.8; நான்கு சக்கரத் தாழ்நிலை 2.46, அச்சு 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37. உராய்வில் கழிவது போக, எஞ்சின் தரும் திருப்புவிசை இவ்வளவு மடங்காகிச் சக்கரத்தை அடைகிறது. சிறிய எஞ்சினுக்கே இது போதும். மணலில் வண்டி சிக்கும்போது பெரும்பாலும் குறைவது வலு அன்று, பிடிப்பு. சக்கரம் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை. அப்போது வலுவைக் கூட்டினால் இன்னும் வேகமாகக் குழி பறிக்கும், அவ்வளவுதான். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அது மணலில் படும் பரப்பு கூடும், வண்டி நகரும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

பெரிய எஞ்சினுக்கு வேறு விலைகளும் உண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்திச் சூடேற்றியே எரிபொருளைப் பற்றவைக்கிறார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்க அதன் உடல் கனமாக இருக்க வேண்டும். அந்தக் கனம் முன் வில்தட்டுகளில் இறங்கும். முன் சக்கரம் மணலில் புதையும். பழைய கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் அளவுக்கு மீறிய திருப்புவிசையைக் கொடுத்தால் பல் உடையும். கம்ப்யூட்டர் வைத்த புதிய எஞ்சின்களோ வயர்களையும் சென்சார்களையும் நம்பி ஓடுபவை. உப்புக் காற்றில் ஒரு இணைப்புத் துருப்பிடித்தாலும் வண்டி நடுவழியில் நிற்கலாம். குப்பத்து மெக்கானிக்கின் ஸ்பானருக்கு அது கட்டுப்படாது.

சட்டமும் இருக்கிறது, நண்பர்களே! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்றிருந்தால், எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கல். விபத்து நேர்ந்தால் அதைவிடப் பெரிய சிக்கல். கைப்பணத்தைப் போட்டபின் அனுமதி தேடுவது, தாலி கட்டியபின் ஜாதகம் பார்ப்பது போன்றது.

ஆகவே என் வரிசை இது. முதலில், இருக்கும் எஞ்சினையே போர் போட்டு, புது பிஸ்டனும் ரிங்கும் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அதே வகை எஞ்சின். டீசல்தான் வேண்டும் என்றால், தயாரிப்பாளரே இந்த ஜீப் குடும்பத்தில் பொருத்திய எஞ்சின்; அதுவும் பதிவு அதிகாரியின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்தபிறகே. "பெட்ரோல் விற்கும் விலையில் இது கட்டுமா?" என்பது நியாயமான கேள்விதான். மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் மிச்சமாகும் பணம் மாற்றும் செலவை எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்று ஒரு தாளில் எழுதினால் விடை கிடைத்துவிடும். அந்தக் கணக்கைப் போடாமல் நகையை அடகு வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நம்மில் பலர் வீட்டிலும் ஒரு ஜீப்போ, பம்புசெட்டோ, படகு எஞ்சினோ இருக்கும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரங்கள் அவற்றுக்குள்ளேதான் சுழல்கின்றன. மெக்கானிக் கையால் அறிந்ததை நாம் கணக்கால் அறிவோம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசுவோம். விரலுக்குத் தக்க வீக்கம் என்றார்கள் நம் முன்னோர்கள். எஞ்சினுக்கும் அதுவே விதி!