மிம்பரும் மக்களின் செவியும்

வெள்ளிக்கிழமைதோறும் நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காண்கிறோம். தமிழ் பயான் நடைபெறும்போது முன் வரிசைகளில் முதியோர் சிலரே அமர்ந்திருக்க, இளைஞர்கள் தெருமுனையில் நின்றுவிட்டுக் குத்பாவுக்கான பாங்கொலி எழுந்த பின்னரே உள்ளே விரைகின்றனர். பழி முழுவதையும் இளைஞர் மீது சுமத்துதல் நீதியாகாது.

பெருமானார் (ஸல்) அவர்களின் பேச்சு, எண்ண விரும்புவோர் சொற்களை எண்ணிவிடலாம் என்னும்படி நிதானமாக இருந்தது என்கிறார்கள் அன்னை ஆயிஷா (ரலி). ஹிஜ்ரி 10-இல் (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது நிகழ்ந்ததை நோக்குங்கள். இது எந்த நாள் என வினவினார்கள் நாயகம் (ஸல்). அல்லாஹ்வும் அவன் தூதருமே அறிவர் என்று தோழர்கள் விடையிறுத்தனர். நாயகம் மௌனமாயினர். அந்நாளுக்கு வேறு பெயர் சூட்டப் போகிறார்களோ எனத் தோழர்கள் எண்ணும் அளவுக்கு அம்மௌனம் நீடித்தது. மாதத்தைப் பற்றியும் ஊரைப் பற்றியும் அவ்வாறே வினா, அவ்வாறே மௌனம். செவிகள் அனைத்தும் கூர்மையுற்ற பிறகே, அந்நாளும் அம்மாதமும் அவ்வூரும் புனிதமானவை போன்றே ஒருவர் மற்றவரின் உயிரும் உடைமையும் மானமும் புனிதமானவை என்னும் பேருண்மை வெளிவந்தது.

மற்றொரு சமயம் சதுரமொன்று வரைந்து, அதனைக் கடந்து செல்லும் கோடு ஒன்றும் இட்டு, மனிதனைச் சூழ்ந்த மரணத்தையும் அதனையும் தாண்டி நீளும் அவன் ஆசையையும் கண்முன் நிறுத்தினார்கள்.

தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குவது ஒருவரது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என்ற நபிமொழியை அம்மார் (ரலி) அறிவிக்கிறார்கள். நாள்தோறும் உபதேசிக்குமாறு வேண்டப்பட்ட இப்னு மஸ்ஊத் (ரலி), மக்களைச் சலிப்படையச் செய்ய அஞ்சி, வியாழக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் மீலாது மேடைகளிலோ, தலைவர் முதல் ஒலிபெருக்கி அமைத்தவர் வரை அனைவரையும் விளித்து முடிப்பதற்குள் குழந்தைகள் உறங்கிவிடுகின்றனர்!

சுருங்கப் பேசுவது எளிதன்று. அதற்கே மிகுந்த ஆயத்தம் தேவை. ஐவேளைத் தொழுகை நடத்தி, காலையும் மாலையும் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, இடையே கத்தம், நிக்காஹ் என அழைக்கப்படும் இமாம் எப்போது நூல்களைப் புரட்டுவார்? பயானில் சுவையில்லை எனக் குறைகூறும் ஜமாஅத் நிர்வாகிகள், வியாழன் மாலையையேனும் அவருக்கு விட்டுக்கொடுத்து, நூல்கள் வாங்க மஹல்லா நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்குவார்களா?