பேரனைப் பார்க்கப் பாட்டிக்கு உரிமை உண்டா?

“டிவோர்ஸுக்கு அப்புறம் பேரனைக் கண்ணுல காட்டவே மாட்டேங்கிறாங்க.” பாக்கார் ஆராங்கில் உங்கள் பாட்டி இப்படிச் சொன்னால், சட்டத்தில் வழி இருக்கிறதா?

இருக்கிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 89ஆவது பிரிவைப் பாருங்கள். பராமரிப்பு உரிமை கிடைக்காத அல்லது இறந்துபோன பெற்றோரின் குடும்பத்தாரும் பிள்ளையைச் சந்திக்க, பராமரிப்பு ஆணையிலேயே நீதிமன்றம் நேரம் ஒதுக்கலாம்.

ஆனால் இது தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். அதனால் வழக்கு நடக்கும்போதே மகனின் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். ஆணை வந்தபின் என்றால், சூழ்நிலை பெரிதாக மாறியதைக் காட்டி, 96ஆவது பிரிவின்கீழ் திருத்தம் கோரணும்.

நீதிமன்றத்துக்குப் பிள்ளையின் நலனே முக்கியம். விவரம் தெரிந்த வயதென்றால், பேரனின் விருப்பத்தையும் அது கவனிக்கும்.